கொள்ளுப்பாட்டி டெலியா எந்த ஊர்? பிரெஞ்சு-கனடியப் பெண் ஒருவரின் பூர்வீகம் தேட உதவி வேண்டும்

மீனா_நாஷுவா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரைக்காரி. இப்போது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நாஷுவாவில் இருக்கிறோம். கணவர் அமெரிக்கர். கேள்வி அவர் வீட்டுப் பாட்டி ஒருவரைப் பற்றியது. இங்கே கனடாவில் இருப்பவர்கள் பலர் எழுதுவதால் கேட்கிறேன்.

என் மாமியாருக்கு 74 வயது. அவருடைய அம்மாவைப் பெற்றவர் டெலியா. மான்செஸ்டர் நகரத்தில் மெரிமாக் ஆற்றங்கரையில் இருந்த அமோஸ்கேக் பருத்தி ஆலையில் நெசவு வேலை பார்த்தவர். அக்கா தங்கைகள் கூடினால் பிரெஞ்சில்தான் பேச்சாம், ஜெபமாலையும் பிரெஞ்சில்தானாம். கிறிஸ்துமஸ் இரவுக்கு அவர் செய்த இறைச்சி அடை, தூர்த்தியேர் என்பார்கள், அதன் பக்குவம் மட்டும் இன்றும் வீட்டில் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவர் உயிரோடு இருந்தபோது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாமியாருக்கு அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எனக்கும்தான்.

கையில் இருப்பது இவ்வளவு. 1913இல் மான்செஸ்டரில் நடந்த திருமணத்தின் அரசுப் பதிவு: டெலியா கிங், வயது 20, பிறந்த இடம் கனடா, அப்பா பீட்டர் கிங், அம்மா மேரி வுட். 1920 மக்கள்தொகைக் கணக்கு: வயது 26, தாய்மொழி பிரெஞ்சு, அமெரிக்கா வந்த வருடம் 1899. 1957 இறப்புச் சான்றிதழ்: பிறந்த ஆண்டு 1891, பெற்றோர் பெயர் 'தெரியவில்லை'. கல்லறையில் கணவரின் குடும்பப் பெயருக்குக் கீழே 'டெலியா' என்று மட்டும்.

அவர் கணவரின் ஊரைக் கண்டுபிடிப்பது சிரமமாகவே இல்லை. முதல் உலகப் போர் நேரத்து இராணுவப் பதிவு அட்டையில் பிறந்த ஊர் தெளிவாக இருக்கிறது. பெண்களுக்கு அப்படி ஒரு அட்டை கிடையாது. கனடாவின் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கில் பிறந்த டெலியா கிங் என்று தேடினால் ஒன்றுமே பொருந்தி வரவில்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று, என் மகளின் எச்சிலை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினால் இந்தப் பாட்டியின் வழி தெரியுமா?

லோவெல்_ரவி எழுதியது:

மீனா, நான் பக்கத்தில் லோவெல்லில் இருக்கிறேன். இங்கேயும் அதே கதைதான். 1840 முதல் 1930 வரை ஒன்பது லட்சம் பேர் அளவுக்குக் கியூபெக்கிலிருந்து இந்தப் பக்கம் வந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். லோவெல், மான்செஸ்டர், வூன்சாக்கெட், லூயிஸ்டன், ஃபால் ரிவர் எல்லாம் ஆலை ஊர்கள்.

ஒரு யோசனை. டெலியாவை மட்டும் தேடாதீர்கள். அக்கா தங்கைகள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தம்பிகளும் இருந்திருக்கலாம். 1899இல் குடும்பமாக வந்திருந்தால் அதற்குப் பிறகு ஒரு குழந்தையாவது மான்செஸ்டரில் பிறந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்று பாருங்கள். அப்பா அம்மா பெயர் அங்கே சரியான வடிவத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். 1900, 1910 கணக்கெடுப்புகளில் பெற்றோர் வீட்டோடு டெலியா இருக்கிறாரா என்றும் பாருங்கள். வயது இரண்டு மூன்று வருடம் முன்னே பின்னே இருந்தால் அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

மொன்றியல்வாசி எழுதியது:

மீனா தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், மொன்றியலில் கனகாலமாக இருக்கிறேன். என் மருமகன் கியூபெக்வா, கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர். அவருடைய தாய்வழியைத் தேடித்தான் இந்த வேலையில் இறங்கினேன். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று எனக்குப் பெரிய விருப்பம்.

முதலில் ஒரு விசயம் விளங்கவேண்டும். கியூபெக் கோயில் பதிவேடுகளில் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதே இல்லை. ஞானஸ்நானத்தில், கல்யாணத்தில், தன் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில், அடக்கத்தில், எல்லா இடத்திலும் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதப்படுகிறாள். கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன் பெயரும் இருக்கும், தாயின் கன்னிப் பெயர் உட்பட. அதனால் ஒரு கல்யாணத்திலிருந்து அதற்கு முந்தைய கல்யாணத்துக்கு ஏறிப் போகலாம். உலகத்தில் சாதாரணக் குடியானவப் பெண்களின் வழியை 1600கள் வரை இப்படித் தொடரக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. உங்கள் டெலியா காணாமல் போனது அமெரிக்கக் கடதாசிகளில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் பத்திரமாக இருக்கிறார். எல்லையைக் கடக்க ஒரு பாலம் வேண்டும், அந்தப் பாலம் மான்செஸ்டரின் பிரெஞ்சுக் கோயில்கள்.

அரசாங்கப் பதிவை எழுதியவர் ஆங்கில எழுத்தர். காதில் விழுந்ததை எழுதினார், அல்லது குடும்பமே பெயரை மாற்றிச் சொன்னது. ஆனால் அதே கல்யாணம் கோயிலிலும் பதிவாகியிருக்கும். மான்செஸ்டரில் சென் ஒகுஸ்தேன் கோயில் 1871இல் பிரெஞ்சுக்காரருக்கென்றே தொடங்கியது, பிறகு சென்த் மரி. அங்கே எழுதிய சுவாமியார்கள் பிரெஞ்சுக்காரர். அவர்கள் பெயரைப் பெயராகவே எழுதினார்கள். உங்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம், அமெரிக்கன்-கனடியன் ஜீனியலாஜிக்கல் சொசைட்டியின் நூலகம் மான்செஸ்டரிலேயே இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியால ஓட்டம். அந்தக் கோயில்களின் கல்யாணங்களை அகரவரிசையில் தொகுத்த புத்தகங்கள் அங்கே உண்டு. இணையத்தில் இன்னும் கொஞ்சம் தேடிவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல் நேரே அங்கே போங்கள்.

பெயரைப் பற்றி. பிரெஞ்சுப் பெயரை அர்த்தப்படி ஆங்கிலமாக்கிவிடுவார்கள். கிங் என்றால் பெரும்பாலும் ருவா. வுட் என்றால் முதலில் துபுவா பாருங்கள், பிறகு புவாவேர். லெப்லான் வைட் ஆனார், புலாஞ்சே பேக்கர் ஆனார், அந்த மாதிரித்தான். ருவா என்பது கியூபெக்கில் மிகச் சாதாரணமான பெயர். அதனால் 'தி' பெயர்களையும் நினைவில் வையுங்கள், 'தி' என்றால் 'எனப்படும்'. ஒரே குடும்பப் பெயர் பல கிளைகளுக்கு இருந்ததால் ஒட்டுப்பெயர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: ருவா தி தெஜார்தேன், ருவா தி லோசியே என்று. ஒரு தலைமுறை முதல் பெயரில் எழுதப்படும், அடுத்தது ஒட்டுப்பெயரில் மட்டும் எழுதப்படும். உடன்பிறந்த இரண்டு பேர் இரண்டு பெயரில் கல்யாணம் முடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். இது தெரியாமல் தேடுகிறவர்கள் சரியான தாளைக் கையில் வைத்துக்கொண்டே கடந்து போவார்கள்.

டெலியா என்ற முதற்பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். பெண் குழந்தை எல்லாருக்கும் முதலில் மரி என்று வைப்பார்கள், பிறகு ஞானத்தாயின் பெயர் வரலாம், கடைசியில்தான் வீட்டில் கூப்பிடும் பெயர். டெலியாவின் மூலம் தேலியா, அதேலியா, ஓதேலியா, ரோஸ் த லிமா, தேலிமா, இதில் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே பிள்ளையின் பெயரால் தேடாமல் தாய் தகப்பன் சோடியாகத் தேடுங்கள். பியேர் ருவாவும் மரி துபுவாவும் சேர்ந்து வரும் இடங்கள் அவ்வளவு அதிகமில்லை.

இப்போது மிக முக்கியமானது. 1908 ஈஸ்டரில் நடைமுறைக்கு வந்த 'நே தேமெரே' என்ற திருச்சபைச் சட்டத்தின்படி, ஒருவருக்குக் கல்யாணம் நடந்தால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு எழுதி அனுப்ப வேண்டும், அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். நம்முடைய கோயில்களிலும் இதுதான் வழக்கம், கத்தோலிக்கருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் டெலியா கல்யாணம் முடித்தது 1913. அப்படியென்றால் கியூபெக்கில் ஏதோ ஒரு கோயிலில், அவருடைய ஞானஸ்நானத்தின் ஓரத்தில் மான்செஸ்டர் என்ற ஊர்ப்பெயர் இருக்கக்கூடும். அது அகப்பட்டால் வேறு சாட்சி வேண்டாம். ஆனால் பதிவேடுகள் இரண்டு பிரதியாக எழுதப்பட்டன, ஒன்று கோயிலுக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. ஓரக்குறிப்புகளைக் கோயில் பிரதியில்தான் எதிர்பார்க்க வேண்டும். 1940களில் துருவேன் என்ற வம்சாவளி நிறுவனம் படமெடுத்தது நீதிமன்றப் பிரதிகளை. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் 1621 முதலான கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்கள் இலவசமாக உண்டு, அவை கோயில் பக்கத்துப் பிரதிகள். ஒன்றில் ஓரம் வெறுமையாக இருந்தால் மற்றதையும் பாருங்கள்.

குடியுரிமைத் தாள்களில் நேரம் செலவழிக்க வேண்டாம். 1922 வரை அமெரிக்காவில் மனைவிக்குக் கணவனின் குடியுரிமைதான், அவளுக்கென்று தனி விண்ணப்பம் பெரும்பாலும் இருக்காது. பெண்களைத் தேடுகிறவர்களை நோகவைக்கும் இன்னொரு சட்டம் அது.

டிஎன்ஏ பற்றிக் கேட்டீர்கள். தாய்வழி மரபணு, மைற்றோகொண்ட்ரியா என்பது, தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைகளுக்குப் போகும். டெலியாவின் வழி உங்கள் மாமியாரிடம் இருக்கிறது, உங்கள் கணவரிடமும் இருக்கிறது. அவரோடு அது நின்றுவிடும். உங்கள் மகளிடம் இருப்பது உங்கள் வழி, உங்கள் அம்மாவின் வழி. ஆகவே மாமியாரின் எச்சிலை அனுப்புங்கள், அவர் இருக்கும்போதே.

புதுவை_பிரெஞ்சு எழுதியது:

மேடம், நான் பாண்டிச்சேரி. எங்கள் வீட்டிலேயே பிரெஞ்சுப் பிறப்புப் பதிவுகள் இருப்பதால் இந்தக் கையெழுத்துகள் பழக்கம். பயப்பட வேண்டாம். எல்லாப் பதிவும் ஒரே அச்சில்தான் இருக்கும். தேதி, 'கீழே கையெழுத்திட்ட குருவாகிய நான்', குழந்தையின் பெயர், எப்போது பிறந்தது, அப்பாவின் பெயர், தொழில், அம்மாவின் பெயர், ஞானப்பெற்றோர், முடிவில் யாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது. அவ்வளவுதான்.

தேதிகளை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதுவார்கள், அங்கேதான் தடுமாற்றம் வரும். பிரெஞ்சில் 92 என்பதை 'நான்கு இருபது பன்னிரண்டு' என்று சொல்வார்கள், கத்ர வேன் தூஸ். முதல் பாதியைப் படித்துவிட்டு 80 என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெயருக்கு முன்னால் 'ஃபெ' என்று இருந்தால் அந்த நபர் அப்போது காலமாகிவிட்டார். 'வெவ்' என்றால் விதவை. 'ஃபீ மினேர்' என்றால் வயது வராத மகள், 1913 கணக்குக்கு 21க்குக் கீழே. இந்த மூன்றை வைத்தே யார் எப்போது பிறந்தார்கள், இறந்தார்கள் என்ற இடைவெளியைச் சுருக்கலாம். படம் கிடைத்தால் இங்கே போடுங்கள், படித்துத் தருகிறேன்.

மீனா_நாஷுவா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொல்லவே கை நடுங்குகிறது, டெலியா கிடைத்துவிட்டார்.

மாமியாரையும் அழைத்துக்கொண்டு மான்செஸ்டர் நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு பெரியவர் கிங் என்றதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் ருவா வரிசைக்கு எங்களைக் கூட்டிப்போனார். சென் ஒகுஸ்தேன் கல்யாணப் புத்தகத்தில் 1913இல் தேலியா ருவா, பெற்றோர் பியேர் ருவா, மரி துபுவா. கணவர் பெயர் சரியாகப் பொருந்தியது. ரவி சொன்னபடி தேடியதில் 1902இல் மான்செஸ்டரில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு தம்பியும் கிடைத்தார், அதே பெற்றோர்.

பிறகு மொன்றியல் ஐயா சொன்னபடி பெற்றோரைச் சோடியாகத் தேடினேன். கமுராஸ்கா பக்கம், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரை. 1892 நவம்பரில் ஞானஸ்நானம். பெயர் மரி ரோஸ் தேலிமா. ஓரத்தில் வேறொரு மையில், வேறொரு கையெழுத்தில், கணவரின் பெயரும் மான்செஸ்டரும் 1913ம். மாமியார் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கித் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தன் பாட்டியின் உண்மையான பெயரை 74 வயதில் தெரிந்துகொள்கிறார். தேலிமா, தேலிமா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது இரண்டு சந்தேகம். பெற்றோரின் கல்யாணம் 1884, அதிலே அப்பா 'ருவா தி தெஜார்தேன்' என்று இருக்கிறார். புதுவை நண்பர் படித்துச் சொன்னதில் 'மூன்றாம் நான்காம் படி உறவுமுறைக்கு விலக்கு அளிக்கப்பட்டது' என்று ஒரு வரி வருகிறது. அது என்ன? அப்புறம், மரி துபுவாவின் அம்மா பெயரும் இருக்கிறது. இப்படியே மேலே போனால் கடைசியில் 'அரசரின் மகள்கள்' ஒருவரிடம் போய் நிற்கும் என்று நூலகத்தில் சொன்னார்கள். மாமியார் சின்ன வயதில் கேட்டிருக்கிறார், அந்தப் பெண்கள் நடத்தை சரியில்லாதவர்கள், பாரிஸ் தெருக்களிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டவர்கள் என்று. அவருக்கு அது உறுத்துகிறது. உண்மையா?

மொன்றியல்வாசி எழுதியது:

தங்கச்சி, மாமியாருக்கு முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உண்மை இல்லை. இந்தப் பழியைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் லாஓந்தான் என்ற பிரபு. 1703இல் அச்சான பயணப் புத்தகத்தில் கப்பல் கப்பலாகக் கெட்ட பெண்கள் வந்தார்கள் என்று நையாண்டியாக எழுதினார். அவர் கனடாவில் கால் வைத்தது 1683இல், கடைசிக் கப்பல் வந்து பத்து வருசம் கழித்து. தான் பார்க்காததை எழுதி இத்தனை தலைமுறைப் பெண்களைத் தலைகுனிய வைத்தார்.

பதிவேடுகள் சொல்வது வேறு. 1663 முதல் 1673 வரை ஏறக்குறைய 770 பெண்களைப் பதினான்காம் லூயி மன்னரின் செலவில் கனடாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆண்கள் நிறைய, பெண்கள் மிகக் குறைவு, குடியேற்றம் வேர்விடவில்லை என்பதுதான் காரணம். வந்தவர்களில் நிறையப் பேர் தகப்பனை இழந்தவர்கள். பலர் பாரிசின் சால்பெத்ரியேர் இல்லத்தில் வளர்ந்தவர்கள். அது ஏழைகளையும் ஆதரவற்றவர்களையும் வைத்திருந்த இடம், அங்கே வளர்ந்தது குற்றமா? நோர்மாந்தியிலிருந்து வந்தவர்களும் உண்டு, கதரின் த பைய்யோன் மாதிரிப் பிரபு குடும்பத்துப் பெண்ணும் உண்டு. அவர் 1669இல் கியூபெக்கில் ழாக் மிவில் தி தெஷேன் என்பவரை மணந்தார். பலருடைய கல்யாண ஒப்பந்தத்தில் மன்னரின் கொடையாக 50 லிவ்ர், அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு, எழுதியிருக்கும்.

அவர்கள் பொருட்களைப் போல ஏலம் போகவில்லை என்பதற்கும் அந்த ஒப்பந்தங்களே சாட்சி. கோயிலுக்குப் போகும் முன்னால் நொத்தாரிசிடம், பத்திரம் எழுதிப் பதிகிறவரிடம், போய் ஒப்பந்தம் எழுதுவார்கள். பிறகு மனம் ஒவ்வாமல் அதை ரத்துச் செய்துவிட்டு வேறொருவரோடு ஒப்பந்தம் எழுதிய பெண்கள் இருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்ல அவர்களால் முடிந்தது. அந்தக் காலத்து பிரான்சில் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆனால் உங்கள் வழி அவர்களிடம்தான் முடியும் என்று இப்போதே வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு முன்னாலேயே குடும்பமாக வந்தவர்கள் இருக்கிறார்கள். 1755க்குப் பிறகு கிழக்கே அகாடியா என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த பெண்ணாக இருக்கலாம், பூர்வகுடிப் பெண்ணாகவும் இருக்கலாம். தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த விலக்கு. சொந்தத்துக்குள் கல்யாணம் முடிக்கத் திருச்சபையின் அனுமதி வேண்டும். மூன்றாம் நான்காம் படி என்றால் ஒருவருக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியாக இருக்கும் சோடி, மற்றவருக்கு அதற்கும் ஒரு தலைமுறை மேலே. பியேரின் வழியையும் மரியின் வழியையும் தனித்தனியே ஏறுங்கள். இரண்டும் ஒரே சோடியில் வந்து முட்டவேண்டும். முட்டினால் அதுவரை நீங்கள் எழுதியது சரி. முட்டாவிட்டால் நடுவில் எங்கோ வேறொரு ருவாவைப் பிடித்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய உதவி, அதை விட்டுவிடாதீர்கள்.

மரியின் தாயுடைய கல்யாணம் 1860 பக்கம் இருக்கும், அதைப் படங்களிலேயே எடுத்துவிடலாம். அதற்கு மேலே 1849க்கு முன்னால் போய்விட்டால் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பிஆர்டிஎச் தரவுத்தளம் இருக்கிறது. 1966இல் தொடங்கிய வேலை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் உண்டு. தங்கேயின் பழைய ஏழு தொகுதி வம்சாவளி அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதில் பிழைகள் இருக்கின்றன. வழி காட்ட மட்டும் வைத்துக்கொண்டு பதிவேட்டில் சரிபாருங்கள்.

தாய்வழியைத் தனித்தாளில் எழுதுங்கள்: தேலிமா, அவர் தாய் மரி துபுவா, மரியின் தாய், அவருடைய தாய். ஒவ்வொருவருக்கும் கல்யாணத் தேதி, கோயில், கணவர் பெயர். மாமியாரைக் கூட்டிக்கொண்டு இங்கே வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். விழே வீதி 535ஆம் இலக்கத்தில் கியூபெக் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே 'பார்ஷ்மேன்' என்ற தரவுத்தளத்தில் 1801 வரையான நொத்தாரிசு ஆவணங்களைத் தேடலாம். கல்யாண ஒப்பந்தம் அகப்பட்டால் பெண் என்னென்ன கொண்டுவந்தாள், எத்தனை உடுப்பு, என்ன பாத்திரம் என்பதுகூடத் தெரியவரும். பிறகு புவான்த் சென் ஷார்லில் சென் கப்ரியேல் வீடு இருக்கிறது, மார்கரித் பூர்ஜுவா அம்மையார் அரசரின் மகள்களுக்கு இடம் கொடுத்துக் குடும்பம் நடத்தப் பழக்கியதை அங்கே சொல்வார்கள். இப்போது அது காட்சியகம். கமுராஸ்கா அங்கிருந்து ஏறக்குறைய நாலரை மணித்தியால ஓட்டம், பனி விட்ட பிறகு வாருங்கள். நான் ஓய்வு பெற்றவன், ஆவணக் காப்பகத்துக்கு உங்களோடு வருவேன்.